கடைசிக் கோடு

அத்தியாயம் 14

பனி இன்னும் விலகவில்லை. ராட்சத ராட்டினத்தின் மேல்பாதியைக் காணவில்லை. கீழ்ப்பாதியில் தொங்கிய தொட்டில்கள் மட்டும், தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

மூத்தவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவாயில் நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே வருகிற குடும்பங்களைப் படம் பிடிப்பது அவள் வேலை. சாயங்காலம் அவர்கள் வீடு திரும்பும்போது கவுண்டரில் அச்சுப் போட்டுக் கொடுப்பார்கள். சீருடையோடு வாத்து மூக்கு வைத்த ஒரு மஞ்சள் தொப்பியும் உண்டு. குழந்தைகள் சிரிக்க வேண்டும் என்பதற்காக நிர்வாகம் கண்டுபிடித்தது. முதல் மாதம் அதைப் போடவே கூசியவள், இப்போதெல்லாம் அது தலையில் இருப்பதையே மறந்துவிடுகிறாள்.

அன்று காலை அவள் மனம் வேலையில் இல்லை. போன வாரம் அம்மா பேசியதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எப்போதும் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து விட்டுத்தான் பேசுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே பாதிதான் கேட்கும். இந்தத் தடவை அது முழுசாகவே கேட்டது. தங்கச்சிக்கு இடம் அமைந்துவிட்டது. நல்ல பையன். அவன் அம்மா தையல் கடை வைத்திருக்கிறாள். எல்லாம் சரி, ஆனால்.

"ஒரே பொண்ணுன்னுதான் உங்கப்பா சொல்லியிருக்காரு. நீ கொஞ்ச நாளைக்கு போன் கீன் பண்ணாத கண்ணு. நானே கூப்பிடறேன்."

ஒரே பொண்ணு. ராட்டினங்களுக்கு எண்ணெய் போடுகிற மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டை விட்டு வந்த அன்று அப்பா சொன்ன வார்த்தை அது. கோபத்தில் சொன்னார் என்றுதான் நினைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அது வீட்டின் கணக்காகவே ஆகிவிட்டது.

"இங்க பாரும்மா," என்று கவுண்டர் அண்ணன் கூப்பிட்டார். "இன்னிக்கு உனக்கு ஒத்த பேட்டரிதான். இன்னொண்ணு வீங்கிப்போச்சு. அத உள்ள போட்டா கேமராவையே தின்னுடும்னு எடுத்து வெச்சிட்டேன்."

"சாயந்திரம் வரைக்கும் தாங்குமாண்ணே?"

"தாங்க வெக்கணும். குளத்துல விளக்கு போடுற நேரத்துப் படத்தத்தான் எல்லாரும் கேப்பாங்க. அப்ப வந்து கைய விரிக்காத."

அவளுக்கு அந்த வித்தை தெரியும். பின்பக்கத் திரையை அணைத்துவிட வேண்டும். கண்ணாடித் துளை வழியாகவே பார்க்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது. எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும் ஆசை கூடவே கூடாது, பாதி சார்ஜைக் குடிப்பது அந்த ஆசைதான். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் கேமராவை அணைத்துவிட்டால், சார்ஜ் காட்டும் மூன்று கோடும் பத்திரமாக மத்தியானம் தாண்டும்.

திரையை அணைத்தாள். கண்ணைத் துளையில் வைத்தாள்.

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு சட்டை வந்தது. கழுத்துப்பட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்ட வெள்ளைச் சட்டை. பிறகுதான் முகம் வந்தது.

அப்பா.

அவருக்குப் பின்னால் தங்கச்சி. பக்கத்தில் உயரமாக ஒரு பையன், அவன்தான் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். அவனோடு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அம்மாள். முட்டி வலி என்று அவளுடைய அம்மா வரவில்லை.

மூத்தவளுக்கு ஓடிவிடத் தோன்றியது. ஓடினால் அடையாளம் தெரிந்துவிடும். வாத்து மூக்கை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், நெருங்கி நிற்கச் சொல்லிக் கையால் சாடை காட்டினாள். நான்கு பேரும் நீரூற்றுக்கு முன்னால் நின்றார்கள். தங்கச்சி அவளைப் பார்த்துச் சிரித்தாள், எந்தப் படக்காரியைப் பார்த்தும் எந்தப் பெண்ணும் சிரிப்பதுபோல.

"நல்லா எடும்மா," என்றார் அப்பா.

குரலில் ஒன்றுமில்லை. கடைக்காரரிடம், கண்டக்டரிடம் பேசுகிற அதே குரல். அவள் அழுத்தினாள். அவர்கள் நகர்ந்து போனார்கள். பனி அவர்களை ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டது.

பின்னால் போகக் கூடாது என்று மனம் சொன்னது. ஆனால் அவள் வேலையே அதுதான். எல்லா ராட்டினத்துக்கும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தூரத்துப் படத்துக்கான நீள லென்ஸை மாற்றிக்கொண்டாள்.

வெயில் ஏற ஏற பனி கரைந்து, ஈர சிமெண்டெல்லாம் வானத்தின் நிறமானது. நீர்ச்சறுக்கிலிருந்து கூச்சல் எங்கோ வேறு ஊரில் கேட்பதுபோல் கேட்டது. அந்தத் துளைக்குள் அப்பா மட்டும் கைதொடும் தூரத்தில் இருந்தார்.

பாம்பு ரயிலில் மாப்பிள்ளை அவரை வற்புறுத்தி உட்கார வைத்தான். அப்பாவுக்கு வேலை டிரைவிங் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஆயுள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த பிரேக்கை மிதித்தவர். ரயில் சரிந்து இறங்கியபோது அவர் வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் ஊஞ்சலில்கூட அவர் அப்படித்தான்.

பொத்தானைப் பாதி அழுத்தினால் போதும், உருவம் தெளிவாகும். படம் எடுக்க வேண்டியதில்லை. அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பதைப் பார்த்தாள். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்ததைப் பார்த்தாள், முன்னெல்லாம் பிடிக்க மாட்டார். ஒவ்வொரு பாதி அழுத்தலும் பேட்டரியிலிருந்து ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அழுத்தினாள். நடுவில் சில படங்களும் எடுத்தாள், விற்பதற்கு அல்ல.

மூன்று கோடு இரண்டானது.

பெண்கள் கழிப்பறையில் முகம் கழுவ நின்றபோது பின்னால் கதவு திறந்தது. கண்ணாடியில் தங்கச்சி தெரிந்தாள். உள்ளே வந்து, கை உலர்த்தும் இயந்திரத்தைத் தட்டிவிட்டாள். அது ஓவென்று இரைந்தது. அம்மாவிடமிருந்து கற்றது.

"அழகா இருக்கு தொப்பி," என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு? இங்க ஏன் கூட்டிட்டு வந்த?"

"நாந்தான் இங்க போகலாம்னு சொன்னேன். வேணும்னுதான்."

"யாராவது கண்டுபிடிச்சா உன் கல்யாணம் என்னாகும்?"

தங்கச்சி குழாய்த் தண்ணீரில் விரல் நுனியை நனைத்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளின் வெட்டிய நகங்கள்.

"கல்யாணத்துக்கு உன்னால வர முடியாதுல்லக்கா. எந்தப் படத்துலயும் நீ என்கூட நிக்கப் போறதில்ல. கூட நிக்கலன்னாலும் பரவால்ல, ஒரு தடவ எதிர்ல நின்னு நீ எடுத்ததா ஒரு படம் இருக்கட்டும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

இயந்திரம் தானாக நின்றது. மூத்தவள் எட்டி அதை மறுபடி தட்டினாள்.

"பையன் எப்படி?"

"நல்லவன்க்கா. பேசினா முழுசா கேக்கறான். அவன்கிட்ட சொல்லிடலாம்னு நாலு தடவ வாயத் திறந்துட்டேன்."

"அவங்கம்மா?"

"கண்ணாலயே அளவெடுப்பாங்க. இஞ்ச் டேப்பே வேண்டாம்."

"அப்பாவுக்குத் தெரியுமா நான் இங்க இருக்கேன்னு?"

"தெரியாது. தெரிஞ்சா பாதி வழியிலயே வண்டியத் திருப்பியிருப்பாரு." தங்கச்சி அக்காவின் தொப்பியைச் சரி செய்தாள். "விளக்குப் போடுற நேரத்துக்குப் பாலத்துல நிப்போம். எடுத்துடு. என்ன?"

ஈரக் கையால் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குளிர்ச்சி வெகு நேரம் அங்கேயே இருந்தது.

மத்தியானம் குதிரை ராட்டினத்துக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தாள். ராட்டினம் சாப்பாட்டு நேரத்துக்காக நின்றிருந்தது. மரக்குதிரைகள் ஒரு காலைத் தூக்கியபடி, அடுத்த அடி எங்கே வைப்பது என்று மறந்துபோனவை போல நின்றன.

படத்தைத் திரும்பப் பார்க்கக் கூடாது. இரண்டு கோடு. சாயங்காலம் வரை நிறையப் பொழுது இருக்கிறது.

திரையைப் போட்டாள்.

முதல் படம், நீரூற்று. அடுத்தது பாம்பு ரயில். வரிசையில் மாப்பிள்ளை எதையோ காட்ட, தங்கச்சியும் அவன் அம்மாவும் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். அப்பா மட்டும் இந்தப் பக்கம். தற்செயல் என்று அடுத்ததற்குப் போனாள். படகுத்துறை. எல்லாரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். அப்பாவின் கண் லென்ஸுக்கு நேராக இருந்தது.

கடைசிப் படத்தில் அவர் முதுகைக் காட்டியபடி இதே குதிரை ராட்டினத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று இருந்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கினாள். ராட்டினத்தின் நடுத்தூணில் கண்ணாடிப் பட்டைகள் பதித்திருந்தார்கள். அதில் ஒரு பட்டைக்குள் அப்பாவின் முகம். திரும்பாமல், கழுத்தை அசைக்காமல், பின்னால் வருகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பது வருஷம் கண்ணாடியைப் பார்த்தே பாடம் சொன்ன மனுஷர். பின்னால் எது வந்தாலும் அவருக்குத் தெரியும்.

டப்பாவைத் தள்ளி வைத்தாள். படத்தை இன்னும் பெரிதாக்கினாள். கோபம் இருக்கிறதா என்று தேடினாள். முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து போனதுதான் மிச்சம். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, திரை ஓரத்தில் ஏதோ குறைந்தது கண்ணில் பட்டது.

ஒரு கோடு.

"என்ன, டப்பாவ அப்படியே வெச்சிருக்க?"

அவள் வீட்டுக்காரர். தோளில் கயிறு, முழங்கை வரை கிரீஸ். பக்கத்தில் உட்கார வந்தவரிடம் சொன்னாள்.

"அப்பா வந்திருக்காரு."

அவர் உட்காரவில்லை. கையில் இருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தார்.

"எந்தப் பக்கம் இருக்காங்க?"

"சாயந்திரம் குளத்துப் பாலத்துக்கு வருவாங்க."

"எனக்குப் படகு மோட்டார் வேல இருக்கு. கரையோரம் குனிஞ்சுதான் நிப்பேன், முகம் தெரியாது. நீ கவலப்படாத." டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு. பட்டினியா எடுத்தா படம் ஆடும்."

மத்தியானத்துக்குப் பிறகு அவள் அவர்களைத் தேடவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் எடுத்தாள், எடுத்தவுடன் அணைத்தாள். ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகியது, காத்திருக்கும்போதும் அணைத்து வைத்தாள். ஆனாலும் வெயில் சாயும் நேரத்தில் அந்த ஒரு கோடு சிவப்பாகி மினுக்கத் தொடங்கியது.

பேட்டரியைக் கழற்றினாள். உள்ளங்கையில் பொத்தி, தேய்த்து, சட்டைப்பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டாள். உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் கிடந்தால் சாகப்போகிற பேட்டரியும் இரண்டு மூன்று படத்துக்கு எழுந்து வரும். எப்போதும் வருமா என்று கேட்டால் சொல்ல முடியாது. நெஞ்சில் கைவைத்தபடி குளத்துக்கு நடந்தாள். பார்த்தவர்கள் அவளுக்கு ஏதோ வலி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

விளக்குகள் ஒன்றாக எரியவில்லை. முதலில் கரை, பிறகு பாலம், பிறகு ராட்டினம். மேலே எரிந்தவை எல்லாம் தண்ணீருக்குள்ளும் எரிந்தன. எது மேல், எது கீழ் என்று பிரிக்க முடியாத அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஊரே காத்திருக்கும். பேச்சுக் குரல்கள்கூடத் தாழ்ந்துவிட்டன.

பாலத்தில் நான்கு பேரும் நின்றார்கள். தங்கச்சி நேராகக் கேமராவைப் பார்த்தாள். பேட்டரியைப் பொருத்திக் கேமராவைப் போட்டாள் மூத்தவள். சிவப்பு. இருந்தாலும் உயிர் இருந்தது. மூச்சைப் பிடித்து அழுத்தினாள். படம் விழுந்தது. தங்கச்சியின் உதடு அசைந்தது, தேங்க்ஸ்க்கா என்பதுபோல.

மாப்பிள்ளையும் தங்கச்சியும் பாலத்தின் மறுமுனைக்குப் போனார்கள். அவன் அம்மா கைப்பிடியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாள். அப்பா மட்டும் கீழே இறங்கி வந்தார். கரையோர பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன மட்டும் தனியா ஒண்ணு எடும்மா."

அவள் கேமராவைத் தூக்கினாள். அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். மேலே எண்கள் காட்டும் சின்னக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"பேட்டரி போயிடுச்சு," என்றாள். பிறகு, "சார்."

"போகட்டும்."

அவர் எழுந்திருக்கவில்லை.

"கேமராவ எறக்காத. அது வழியா தெரியுதுல்ல?"

தெரிந்தது. அந்தத் துளைக்குப் பேட்டரி வேண்டாம். கண்ணாடி வழியாக அப்பாவின் முகம் கொஞ்சம் மங்கலாக, தண்ணீர் வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்க, அப்படியே தெரிந்தது.

"அப்ப கொஞ்ச நேரம் பாத்துட்டு இரு. காலையிலருந்து ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்த. இப்ப நல்லா பாரு."

அவள் பார்த்தாள். துளையின் விளிம்பு நனைந்து, அவர் முகம் கலைந்து, மறுபடி கூடியது.

"வாசல்லயே தெரிஞ்சிடுச்சு," என்றார் அவர். "படம் எடுக்கறப்ப ஒரு மூச்ச உள்ள இழுத்து வெச்சுக்குவ. சின்னதுலருந்து. வண்டி ஓட்டறப்பவும் அப்படித்தான், கியர் மாத்தற வரைக்கும் மூச்சு விட மாட்ட."

"ஏன்ப்பா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ ஓடியிருப்ப." தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நானும் ஓடியிருப்பேன்."

பிறகு, "தொப்பிய எடு," என்றார்.

எடுத்தாள். கேமராவையும் இறக்கினாள். அவர் அவளை ஆற அமரப் பார்த்தார்.

"வாத்து கொஞ்சம் மெலிஞ்சு போயிருக்கு," என்றார்.

அவள் சிரித்தாள். சிரிப்பாகத்தான் தொடங்கியது. அது வேறொன்றாக மாறும் முன்பு, பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கைப்பையை அணைத்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மூத்தவளின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுக்குப் போன வாரம் ஜாக்கெட் அளவெடுத்தேன்," என்று அப்பாவிடம் சொன்னாள். "வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்துச்சு. மருந்துக் கடையில பெட்டி தூக்கித் தூக்கி வந்ததுன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணுக்கும் அதே தோள். அதே பக்கம்."

அவள் பார்வை தோளிலிருந்து அப்பாவுக்கு மாறியது.

"உங்களுக்கு எத்தன பொண்ணு சம்பந்தி?"

பாலத்தின் மறுமுனையில் தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் அப்பாவைப் பார்க்கவில்லை. ஒன்று என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள். தங்கச்சிக்காக.

"ரெண்டு," என்றார் அப்பா.

அந்த அம்மாள் தலையாட்டினாள். பெஞ்சின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லிட்டீங்க. என்கிட்ட யாராவது அளவ மாத்திச் சொன்னா எனக்குப் பிடிக்காது. துணி வீணாப் போயிடும்." குரல் உயரவில்லை. "இந்தச் சம்பந்தம் நிக்குமா நிக்காதான்னு இப்ப நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்ப் பையன்கிட்ட பேசணும்." பிறகு மூத்தவள் பக்கம் திரும்பினாள். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க."

"அதுக்காகத்தான் உன்ன மறைச்சாங்களா?"

மூத்தவள் கையிலிருந்த தொப்பியின் வாத்து மூக்கைத் திருப்பினாள். அதுவே பதிலாயிற்று.

"எங்க அந்தப் பையன்? இங்கதான் இருக்கானா?"

மூத்தவளின் கண் தன்னையும் மீறி படகுத்துறைக்குப் போய்த் திரும்பியது. அப்பாவும் அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு விளக்கடியில், அன்னப் படகு ஒன்றின் மோட்டார்மேல் கவிழ்ந்து, முதுகை இவர்களுக்குக் காட்டியபடி ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தான். வேலை எப்போதோ முடிந்திருக்க வேண்டும். இருந்தும் அவன் நிமிரவில்லை.

"அதுவா?" என்றார் அப்பா.

"அப்பா, வேண்டாம்."

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார். இருளும் வெளிச்சமும் மாறி மாறிக் கிடந்த கரைப்பாதையில் அவர் தனியாக நடக்கத் தொடங்கினார். வேகமாகவும் இல்லை, தயங்கவும் இல்லை.

அந்த நடையில் என்ன இருந்தது என்று மகளுக்குப் புரியவில்லை. கூடப் போக ஓரடி எடுத்து வைத்தவளின் மணிக்கட்டை, உட்கார்ந்தபடியே, அந்த அம்மாள் எட்டிப் பிடித்தாள்.

"விடு. அது அவரு போக வேண்டிய தூரம்."

துறையில் பலகை அதிர்ந்தது. குனிந்திருந்தவன் காலடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டான். கையிலிருந்த திருகுளியைக் கீழே வைத்தான். ஆனால் இன்னும் திரும்பவில்லை.

அப்பா அவன் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் போய் நின்றார்.